சிவப்புக் கிட்டங்கியின் சூடு

சலங்குத்துறை பாய்மரத் தெருவில் நிற்கிற சிவப்புக் கிட்டங்கியின் நெற்றியில், 'இக்கட்டடம் அபாயகரமான நிலையில் உள்ளதால் உள்ளே இருப்போர் உடனடியாக வெளியேற வேண்டியது' என்று மாநகராட்சிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டிய காலையில், பசை வாளியோடு அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள்ளேயே அந்த நோட்டீஸ் ஓரம் பழுத்து, நடுவில் உப்பி, கொதிக்கிற எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டு, பொத்தென்று கீழே விழுந்தது. கயிற்றுக்கடை பிரகாசி அதைக் குனிந்து எடுத்தாள். சூடு தாங்காமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, சுவரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. வெயில் ஏறிய சுவர் சுடுகிற மாதிரி இல்லை. சூளையிலிருந்து இப்போதுதான் பிரித்து அடுக்கிய செங்கல் சுடுகிற மாதிரி சுட்டது.

"மைதீன் அண்ணே, சுவரு கொதிக்கி," என்றாள்.

அதே கட்டடத்தில் பக்கத்துக் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த மைதீன் பிச்சை, டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்ப அந்தப் பால் சட்டிய ஜன்னல் படியில தூக்கி வையி. கேஸ் தீரப்போவுது," என்றார்.

அற்புதம் நிகழ்ந்த நாளில் அந்தத் தெரு அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான்.

சரக்கு அடைத்துவைக்க எழுப்பிய அந்தக் கிட்டங்கிக்கு ஒரு வரலாறு உண்டு. பாய்மரத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள், ஆனால் எல்லாரும் தொடங்குவது தீயில்தான். அந்தக் காலத்தில் பஜார் முழுக்க ஓலைக் கொட்டகையாம், ஓலைக்குக் கீழே பஞ்சுப் பொதியாம், பொதிக்குப் பக்கத்தில் கருப்பட்டிச் சிப்பமாம், சிப்பத்துக்குப் பக்கத்தில் சுருட்டுப் பிடிக்கிற ஒரு வியாபாரியாம். மீதியைச் சொல்லவா வேண்டும். ஒரே மத்தியானத்தில் பஜார் சாம்பலாகி, கடல்காற்றில் ஊர் முழுக்க ஒரு வாரம் கருகின சர்க்கரை வாசம் அடித்ததாம். துறைமுகத்துத் துரை குதிரையில் வந்து, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, "இனிமேல் உங்கள் பஜார் இங்கே இல்லை, ஊருக்கு வெளியே உப்பளத்துப் பக்கம் போங்கள், நகரத்தின் நடுவில் பெரிய கம்பெனிகள் மட்டும்தான் கட்டடம் கட்டும்" என்று மூக்காலேயே சொன்னானாம். வியாபாரிகள் தலையாட்டினார்களாம். தலையாட்டிக்கொண்டே, எரிந்த இடத்தின் நடுவிலேயே சூளை போட்டார்களாம். குளத்து மண்ணை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து குழைத்து, அறுத்து, காயவைத்து, அடுக்கித் தீ மூட்டி, சிப்பி சுட்ட சுண்ணாம்பில் கல்மேல் கல்லாக ஏற்றி, பொதி வண்டி மாட்டோடு உள்ளே நுழைகிற அளவுக்கு வளைவு வைத்து, கீழே சரக்கும் மேலே கணக்குப்பிள்ளைகளுமாக அந்த நகரத்தின் நடுமத்தியில் முதல் செங்கல் கடைக் கட்டடத்தை எழுப்பிவிட்டார்களாம். துரை மறுபடி வந்து பார்த்தானாம். "யார் உத்தரவு கொடுத்தது?" என்றானாம். "தீதாங்க துரை" என்றார்களாம்.

அதைப் பார்த்து அடுத்தவன் கட்டினான், அவனைப் பார்த்து எதிர்த்தவன் கட்டினான், தெரு முழுக்கச் சிவந்தது. பஞ்சு போய் நிலாவாரை இலை வந்தது, இலை போய்த் தோணிச் சாமான் வந்தது, ரேடியோ வந்தது, கேசட் வந்தது, கேசட் போன இடத்தில் செல்போனுக்கு உறை விற்கிறவன் வந்தான். சிவப்புக் கிட்டங்கி எல்லாரையும் உள்ளே விட்டது, எல்லாரும் போன பிறகும் நின்றது. பிரகாசியின் கயிற்றுக்கடை அதன் தென்கிழக்கு மூலையில், கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற அகலத்தில் இருந்தது. மூன்று பெண்பிள்ளைகளைப் படிக்கவைத்ததும், குடித்துச் செத்த புருஷனை அடக்கம் பண்ணியதும், வாயை வளர்த்ததும் அந்த அகலத்துக்குள்தான். மனையை வாங்கியிருந்த, வணிக வளாகம் கட்டுகிற கம்பெனி, இடித்துக் கட்டியதும் மூன்றாவது மாடியில் உனக்கொரு கடை என்றது. "தோணிக்காரன் தோள்ல நங்கூரக் கயித்தோட லிப்ட்ல ஏறி வருவானாக்கும்?" என்று பிரகாசி கேட்டாள். பதிலுக்குக் கம்பெனி மாநகராட்சியைப் பிடித்தது. நோட்டீஸ் வந்தது. அதுவும் அப்பளமாகிவிட்டது.

சூடு வந்த மறுநாள் மைதீன் பிச்சை கேஸ் சிலிண்டரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, மாவைத் தட்டி நேரடியாகச் சுவரிலேயே அறைந்தார். ரொட்டி பிடித்துக்கொண்டது, உப்பியது, வெந்ததும் தானாகக் கழன்று அவர் கையில் விழுந்தது. அதற்கடுத்த நாள் தேய்ப்பு வண்டிக்காரர் கரியை நிறுத்திவிட்டுப் பெட்டியைச் சுவரில் சாத்திச் சூடேற்றினார். அதற்கடுத்த நாள் முழங்கால் வலிக்காரர்கள் துண்டை மடித்து முதுகுக்குக் கொடுத்து வரிசையாகச் சாய்ந்து உட்கார்ந்து, "ஆங், அங்கதான், அங்கதான்" என்று சுவரிடம் முனகினார்கள். மீன்காரம்மாக்கள் சாளை மீனைக் காயத் தொங்கவிட்டார்கள். அடைமழை மாதத்தில் ஊரே ஈரத்துணியோடு வந்தது. மாடியில் தட்டச்சுப் பள்ளி நடத்துகிற வாத்தியார், "கொஞ்சம் நாகரிகமாக உலர்த்துங்களேன், பெண்பிள்ளைகள் வந்துபோகிற இடம்" என்று படியில் நின்று கெஞ்சினார். அவருடைய பனியனும் அங்கேதான் காய்ந்தது. கட்டடத்துக்கு உள்ளே மட்டும், விசித்திரமாக, மண்பானைக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி குளுகுளுவென்று இருந்தது. ஆனால் விசித்திரம் என்று அதை யாரும் சொல்லவில்லை. "பழைய கட்டடம்லா" என்றார்கள்.

சண்டை வராமலா? வந்தது. ரொட்டிக்குப் பக்கத்தில் சாளையா என்று மைதீன் கத்த, சாளைக்குப் பக்கத்தில் ரொட்டியா என்று மீன்காரம்மாக்கள் திருப்பிக் கத்த, கடைசியில் பிரகாசி கயிறு கட்டிச் சுவரைப் பாகம் பிரித்தாள். வடக்கு முழங்காலுக்கு, கிழக்கு ரொட்டிக்கு, மேற்கு துணிக்கு, மீனெல்லாம் காற்று வெளியே போகிற தெற்கு மூலைக்கு.

மாநகராட்சியில் கோப்பு நடக்கத் தொடங்கியது. கட்டடப் பிரிவுப் பொறியாளர் அம்மா வெப்பமானியோடு வந்தார், வெப்பமானி வெடித்தது, இரண்டு ரொட்டி சாப்பிட்டார், எழுதினார்: 'சுவர் சமைக்கிறது, சமைப்பது அடுப்பு, அடுப்பு எமது பிரிவில் வராது.' உணவுப் பிரிவுக்காரர் வந்தார். "நாங்க ரொட்டியப் பாப்போம், ரொட்டி சுத்தம். அடுப்ப நாங்க பாக்கிறதில்ல." தீயணைப்புக்காரர்கள் மணியடித்துக்கொண்டு வந்து, மணியை நிறுத்திவிட்டு, "எரிஞ்சா கூப்பிடுங்க, சுட்டா கூப்பிடாதீங்க" என்று கோபித்துக்கொண்டு போனார்கள். மின்வாரியத்துக்காரர் மீட்டரைத் தட்டிப் பார்த்து, "எங்க கரண்ட் இல்ல, எங்க தலைவலியும் இல்ல" என்றார். ஆளாளுக்கு அவர்களைப் போலவே பேசிக் காட்டி, தெரு ஒரு மாதம் சிரித்தது.

சிரிப்புக்கு நடுவில் பிரகாசி ஒன்றைக் கவனித்தாள். ஞாயிற்றுக்கிழமை சுவர் சுடவில்லை. கடையடைப்பு நடந்த அன்றும் சுடவில்லை. மற்ற நாட்களிலும் விடிந்ததும் மீன் வயிறு மாதிரி சில்லென்று இருக்கிற சுவர், கட்டடத்துக்குள் ஏதோ ஒரு கடையில் முதல் போணி ஆன நிமிஷம் டிக் டிக்கென்று முறுக்கெடுத்துச் சூடேறியது. கடைசிக் கடையை எடுத்துவைத்து அடைக்கும்வரை சுட்டது. அடைத்ததும் ஆறிப்போனது. இதைச் சோதிக்க அவளே ஒரு காலை மைதீனிடம் காசு கொடுத்து டீ வாங்கிக் குடித்தாள். சுவர் சும்மா கிடந்தது. மைதீன் அவளிடம் ஒரு முழம் கயிறு வாங்கினார். அப்போதும் சும்மா கிடந்தது.

"ஒரே கூரைக்குள்ள வித்தா அது போணியா பிள்ள?" என்றார் மைதீன். "சுவரு என்ன லூசா?"

வெளியாள் ஒருவன் வந்து பத்து ரூபாய்க்குச் செல்போன் உறை வாங்கினான். டிக் டிக் டிக். ரொட்டி உப்பியது.

கம்பெனி இதற்குமேல் கோப்பை நம்பவில்லை. இடிக்கிற வேலைக்குக் கோமதிநாயகத்தை அமர்த்தியது. கோமதிநாயகம் வெளியூர் ஆள் இல்லை. பெரிய பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகன், ஏலக்காய் மூட்டைமேல் உட்கார்ந்து வாய்ப்பாடு படித்தவர், பிறகு கடையை விற்று இடிப்பு வேலைக்கு வந்தவர். முதல் நாள் அவருடைய ஆட்கள் கடப்பாரையைச் சுவரில் ஊன்றினார்கள். கடப்பாரை வெந்த கேழ்வரகுக் களி மாதிரி வளைந்து தொங்கியது. கோமதிநாயகம் திட்டவில்லை, கத்தவில்லை. மைதீன் கடைக்கு எதிரில் நின்று தொடர்ந்து நாலு நாள் காலையில் டீ குடித்தார். ஐந்தாம் நாள் டம்ளரை வைத்துவிட்டு, "போணிலதான் இருக்கு, என்ன மைதீன் அண்ணே?" என்றார். மைதீனுக்கு முகம் செத்துப்போயிற்று. மளிகைக்கடைக்காரர் மகனிடம் இதை மறைக்க முடியுமா?

ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இடிக்க மாநகராட்சி அனுமதி இல்லை. அடுத்த திங்கட்கிழமை விடிந்தபோது பாய்மரத் தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்து அடைத்திருந்தது. 'பணி நடைபெறுகிறது'. காக்காய்கூட உள்ளே வரவில்லை. கடைக்காரர்கள் மட்டும் பின்சந்து வழியாக வந்து கடையைத் திறந்தார்கள். ஊதுவத்தி கொளுத்தினார்கள். உட்கார்ந்தார்கள். வாங்க ஆளில்லை. சுவர் சில்லென்று கிடந்தது. தட்டச்சு வாத்தியார் சைக்கிளில் கோர்ட்டுக்குப் போயிருந்தார். கோர்ட் திறந்ததும் தடை வாங்கிவிடலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். கோர்ட் திறக்க இன்னும் நேரம் இருந்தது. அது கம்பெனிக்கும் தெரியும்.

தெருவுக்குள் இடிக்கிற இயந்திரம் நுழையாது. ஆகவே தகரத்துக்கு அப்பால் அதை நிறுத்தி, ஆளில்லாத வடக்கு மூலை வளைவில் நீளக் கயிறு கட்டி இழுத்துச் சாய்ப்பது, முகப்பு விழுந்துவிட்டால் கோர்ட்டில் சொல்ல யாருக்கும் எதுவும் மிஞ்சாது, இதுதான் திட்டம். நைலான் கயிறு கட்டினார்கள். இயந்திரம் உறுமியது. வளைவின் மேல்வரிசையில் இரண்டு கற்கள் அசைந்து தூசி கொட்டியது, முழங்கால்காரர்கள் சாய்கிற இடத்தில் சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு விட்டது. பிரகாசிக்கு அந்தக் கோடு தன் முதுகெலும்பில் விழுந்த மாதிரி இருந்தது. இன்னொரு இழுப்பு. நைலான் பட்டென்று அறுந்து பாம்பு மாதிரி துள்ளி விழுந்தது.

"வேற கயிறு எங்கல?" என்றார் கோமதிநாயகம்.

"இல்ல அண்ணாச்சி. பெரிய பஜாருல கடை திறக்க ஒம்பதாவும்."

எல்லாத் தலைகளும் மெதுவாகத் தென்கிழக்கு மூலைக்குத் திரும்பின. அங்கே மணிலாக் கயிறு சுருள் சுருளாக, கட்டைவிரல் தடிமன், முழங்கை தடிமன் என்று அடுக்கியிருக்க, அதன் நடுவில் பிரகாசி தலையை வாரி முடித்துப் பூ வைத்து உட்கார்ந்திருந்தாள்.

கோமதிநாயகம் அவள் கடைமுன் வந்து நின்றார். கம்பெனி மேனேஜர் அவருடைய செல்போனிலிருந்து, "என்னாச்சு சார், என்னாச்சு சார்" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணாச்சி," என்றாள் பிரகாசி. "கப்பல் வடம் இருக்கு. யானைய கட்டி இழுத்தாலும் அறாது. எத்தன பாகம் வேணும்?" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

கோமதிநாயகத்தின் கை சட்டைப்பைக்குப் போய்த் திரும்பி வந்தது.

"காசு வேண்டாம் அண்ணாச்சி. சும்மா எடுத்துட்டுப் போங்க."

மைதீன் கையில் தட்டிய மாவு கையிலேயே நின்றது.

"பிரகாசி, வம்பு பண்ணாத," என்றார் கோமதிநாயகம். குரல் இறங்கியிருந்தது.

"நான் என்ன வம்பு பண்ணுதேன்? இடிக்க வந்திருக்கிய, கயிறு இல்ல, எங்கிட்ட இருக்கு. காலம்பற, இன்னும் போணி ஆகல. ஓசியா வாங்கிட்டுப் போங்க. உங்க அப்பா கடையில இந்த நேரத்துல ஓசி கேட்டு வந்தவன என்ன பண்ணுவாவ? ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. அப்பா படிக்கல்லைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் ஓடுவார். போணிக்கு முன்னால் கடன் கேட்டால் திட்டு, ஓசி கேட்டால் துரத்து, பேரம் பேசினால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளு. பல் விளக்குகிற மாதிரி, செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகிற மாதிரி, அது உடம்பில் ஏறின பழக்கம். கோமதிநாயகம் தன் ஆட்களைப் பார்த்தார். "லேய், ஒருத்தன் வந்து எடு."

ஒருத்தனும் அசையவில்லை. எல்லாம் பஜாரைச் சுற்றி வளர்ந்த பயல்கள். "போணி ஆகாத கடையில ஓசியா? நான் மாட்டேன் அண்ணாச்சி. வீட்ல பச்சப்பிள்ள இருக்கு," என்றான் ஒருவன்.

செல்போன் கத்தியது: "சார், ப்ரீயா குடுக்கிறாங்கன்னா வாங்கிக்கங்க சார்! டைம் போகுது சார்! எதுக்கு சார் நிக்கிறீங்க?"

கோமதிநாயகம் செல்போனைப் பார்த்தார். கப்பல் வடத்தைப் பார்த்தார். வடக்கு மூலையில் விட்டிருந்த கோட்டைப் பார்த்தார். காசு கொடுத்தால் சுவர் கொதிக்கும் என்று அவருக்குத் தெரியும், கம்பெனிக்காக அதைக் கண்டுபிடித்ததே அவர்தானே. கொடுக்காமல் எடுத்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். ஒன்றும் ஆகாது. கட்டடம் விழும், கம்பெனி சிரிக்கும், பெரிய பஜாரில் ஒருத்தரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் அவர் எந்தக் கடைவாசலில் ஏறினாலும் எல்லாரும் கல்லாவைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொள்வார்கள்.

"எங்க அப்பன் என்ன பிச்சக்காரனாவா வளத்தான்?" என்றார் யாரிடமோ. சட்டைப்பையில் கைவிட்டு நோட்டுகளை எடுத்து, வலது கையால், இடது கை முழங்கையைத் தாங்க, நீட்டினார். "பத்துப் பாகம் அளந்து குடு."

பிரகாசி வாங்கினாள். கண்ணில் ஒற்றினாள். ஒற்றிய கையை எடுக்கும் முன்பே கட்டடம் டிக் என்றது. டிக், டிக், டிக்டிக்டிக் என்று அடியிலிருந்து உச்சிவரை கல் கல்லாகச் சொல்லிக்கொண்டே போனது. அன்றைக்கு ஏறின சூடு எந்த நாளும் ஏறாத சூடு. வளைவில் தொங்கிய நைலான் துண்டு உருகிச் சொட்டியது, விட்டிருந்த கோடு சூளைச் செங்கல் மாதிரி மங்கலாகச் சிவந்தது. மைதீன் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டே மாவைச் சுவரில் அறைந்தார். இயந்திரத்தின் டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு, தகரத்தை விலக்கிக்கொண்டு ரொட்டி வாங்க வந்தான். செல்போனில் மேனேஜர் இன்னும் "ஹலோ, ஹலோ" என்றான்; கோமதிநாயகம் அதைத் துண்டித்தார்.

பிரகாசி பத்துப் பாகம் அளந்து, ஒரு கை கூடப் போட்டு, சுருட்டிக் கொடுத்தாள். அவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டார். போகவில்லை.

"பிரகாசி, இன்னைக்குச் சரி. கோர்ட்டு தடைய கம்பெனி ஒரு மாசத்துல உடைச்சிருவான். அப்புறம் என்னைய அனுப்பமாட்டான். பஜார் தெரியாதவனா ஒருத்தன அனுப்புவான். அவன் சொந்தக் கயித்தோட வருவான். விடியும்போது சுவரு ஆறித்தான் கெடக்கும். என்ன செய்வ?"

அது உண்மை. பிரகாசி தன் கடையைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு கையை விரித்தால் தட்டுகிற அகலத்தைப் பார்த்தாள். தினம் அடைத்துத் தினம் திறந்த அகலம்.

"ஆறுனாத்தான அண்ணாச்சி?" என்றாள்.

எழுந்தாள். கடையை அடைக்கிற பலகைகள் உள்ளே சாய்ந்து கிடந்தன, கனத்த தேக்கு, வரிசை மாறாமல் இருக்க ஒவ்வொன்றிலும் செதுக்கிய எண். முதல் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து சுவரில் சாத்தினாள். இரண்டாவதைச் சாத்தினாள். "ஏளா, என்ன செய்யுத?" என்று மைதீன் கத்தினார். மூன்றாவதைச் சாத்தும்போது முதல் பலகையின் எண் புகைந்து கறுத்தது. ஐந்தாவதைச் சாத்தும்போது தீப்பிடித்தது. பழைய தேக்கு, எண்ணெய் ஏறிய தேக்கு, வாசனையோடு எரிந்தது.

மைதீன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் கடையின் இரும்பு ஷட்டரை இழுத்து இறக்கி, உதைத்துப் பிடுங்கிச் சுவரோரம் போட்டார். அது பாய் மாதிரி சுருண்டது. செல்போன் உறைக்காரன் தன் கதவை இரண்டு கீலோடு கழற்றிக்கொண்டு வந்தான். மாடியிலிருந்து தட்டச்சுப் பெண்பிள்ளைகள், வாத்தியார் திரும்பி வருவதற்குள், சிரித்துக்கொண்டே வகுப்புக் கதவைப் படிவழியாக இறக்கினார்கள். "ராத்திரி நான் இருக்கேன்," என்றான் உறைக்காரன். "விடியக்காலம் நாங்க," என்றார்கள் மீன்காரம்மாக்கள். சாளை விற்க அவர்களுக்கும் ஒரு மூலை வேண்டுமாம். கட்டடத்தில் கதவு என்று ஒன்றும் மிஞ்சாத நேரத்தில் தெருவின் இரண்டு முனைத் தகரமும் சாய்ந்து, ஊர் துணியோடும் முழங்காலோடும் பசியோடும் உள்ளே வந்தது.

கோமதிநாயகம் தோளில் வடத்தோடு தெருநடுவில் நின்றார்.

"கடைய எப்படிப் பூட்டுவ?" என்றார்.

"எதுக்குப் பூட்டணும்?" என்றாள் பிரகாசி. முகத்தில் கரி. கண்ணில் தீ வெளிச்சம். கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் போய், இப்போது வாசலே வெறும் காற்றாகிவிட்ட தன் கடையில் உட்கார்ந்து, முன்னால் நின்ற தோணிக்காரனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"அடுத்து யாரு?"